அவர் பார்க்காத பக்கம்

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

இன்றைக்கும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். கழுத்தில் பைனாகுலர், தோளில் அதன் பை. சமுத்திரம் ஏரிக்குப் பறவை பார்க்க. வாசலில் ஏதோ வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அடுப்பில் பால் இருந்ததால் யார் வண்டி என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

பேருந்து ஓட்டுநராக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த மனிதர், ஜூன் மாதம் திடீரென்று விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்டால் இடுப்பு வலி. இடுப்பு வலிக்காரரால் ஏரிக்கரையில் குத்துக்காலிட்டு மணிக்கணக்கில் கூழைக்கடா பார்க்க முடிகிறது. என்ன வலி இது?

கலெக்டர் ஆபீசில் மனு பார்க்கிற வேலை எனக்கு. மனுவில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, எழுதாததைத் தேடிப் பழகிவிட்டேன். வீட்டிலும் அதே புத்திதான் வருகிறது என்று என் பெண் இனியா சொல்வாள். வரட்டும்.

செப்டம்பர் 20

காய்கறி வாங்கிக்கொண்டு தேரடித் தெருவில் நின்றிருந்தேன். எதிரே அவர் வந்தார். இரண்டு கை தூரம்கூட இல்லை. பக்கத்தில் நின்று "என்னங்க" என்று சிரித்தேன். நேராகப் பார்த்தபடி போய்விட்டார். கூட்டம், சத்தம், சரி. ஆனால் பொண்டாட்டியைக் கடந்து போகிறவர் அப்படியா போவார்?

வீட்டில் கேட்டேன். "நீயா? எங்க நின்ன?" என்றார். செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார்.

பார்க்கவில்லையா, பார்க்க விரும்பவில்லையா?

அக்டோபர் 6, திங்கள்

பௌர்ணமி. கல்யாணமான நாளிலிருந்து அவர் கிரிவலம் தவறவிட்டதில்லை. டியூட்டி இருந்தால்கூட ஆள் மாற்றிக்கொண்டு வருவார். இன்றைக்கு, "கால் வலிக்குது, நீ போய்ட்டு வா" என்றார்.

முதலில் இடுப்பு. இப்போது கால்.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளோடு போனேன். அடி அண்ணாமலை தாண்டும்போது அவள் கேட்டாள்: "இன்னாக்கா, அண்ணன் வரலயா?"

"உடம்பு சரியில்ல."

"தினம் காலைல ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல பின்னாடி குந்திக்கினு போறாரே, அப்போ நல்லாத்தானே கீறாரு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அதன் பிறகு மலையைப் பார்த்தேனா, பாதையைப் பார்த்தேனா, எனக்கே தெரியாது.

அக்டோபர் 7

அவள் பெயர் மணிமொழி. வங்கியில் வேலை. பறவை பார்க்கும் குழுவில் இருக்கிறாள். முப்பத்தைந்து இருக்கும். இதெல்லாம் அவர் சொல்லித் தெரியவில்லை. குழுவை நடத்துகிற விலங்கியல் பேராசிரியர் இளஞ்செழியன் கோயிலில் எதிரே வந்தார், பேச்சுவாக்கில் சொன்னார். "பரசுராமன் சாரும் மணிமொழி மேடமும்தான் தினமும் வர்றாங்க. மத்தவங்கல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பேருந்து ஓட்டியவர், சொந்த வண்டியை மூலையில் போட்டுவிட்டு ஒரு பெண்ணின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறார்.

அக்டோபர் 11

போன் மேசைமேல் கிடந்தது. அவர் குளிக்கப் போயிருந்தார். நான் எடுக்கவில்லை. வெளிச்சம் வந்தது, கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

மணிமொழியிடமிருந்து ஒரு சொல்: "ஆச்சா?"

அவர் வந்து பார்த்துவிட்டுப் பதில் போட்டார். திரும்பி நின்று போட்டார். பிறகு அவர் தூங்கின சமயத்தில் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். "ஆச்சு."

அதற்கு முந்தின நாளும் அதுதான். அதற்கு முந்தின நாளும். ஆச்சா, ஆச்சு, ஆச்சா, ஆச்சு. வேறு ஒன்றுமே இல்லை. கொஞ்சிப் பேசியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எது ஆச்சு? எனக்குத் தெரியாமல் என்ன நடந்துகொண்டிருக்கிறது?

அக்டோபர் 12, ஞாயிறு

அவளே வீட்டுக்கு வந்தாள். பருத்திப் புடவை, அலட்டல் இல்லாத முகம். "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். காபி கொடுத்தேன். நல்ல டம்ளரில் கொடுக்கவில்லை.

கிளம்பும்போது வாசல் படியில் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப இயல்பாக. பல தடவை பிடித்த கை அது. அவரும் கையை விலக்கவில்லை. நான் பின்னாலேயே நிற்கிறேன், அந்த நினைப்புகூட இல்லாமல்.

அக்டோபர் 20, தீபாவளி

இனியா ஓசூரிலிருந்து வந்திருக்கிறாள். சாப்பிடும்போது அவர் சொன்னார், "கென்யாவுல நைவாஷான்னு ஒரு ஏரி. ஜனவரில எங்க குழு போகுது. நானும் போறேன்."

ஆப்பிரிக்கா! செங்கம் தாண்டுவதற்கே முணுமுணுக்கிற மனிதர்.

"அவ்ளோ தூரம் போயி இன்னாங்க பாக்கப் போறீங்க? நம்மூரு ஏரில இல்லாத கொக்கா?"

"பூநாரை. ஆயிரக்கணக்குல நிக்குமாம். நீர்யானை. பாக்கணும் அருணா. இப்பவே பாக்கணும்."

"இப்பவே" என்றதில் ஏதோ இருந்தது. இனியாவுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. யார் யார் போகிறார்கள் என்றேன். இளஞ்செழியன், அவர் மனைவி, இரண்டு ஆசிரியர்கள், மணிமொழி. கடைசியாகத்தான் சொன்னார் அந்தப் பெயரை.

"நானும் வரேன்" என்றேன். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காகவே சொன்னேன்.

சந்தோஷப்பட்டார்! நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "வா, வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

நவம்பர் 18

வெளிநாடு போக ஆபீசில் அனுமதி வந்துவிட்டது. "ரெண்டாவது தேனிலவா மேடம்?" என்று ஒருத்தன் கேட்டான். தேனிலவு!

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். மொட்டைமாடிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். மலைமேல் தீபம் தெரிந்ததும் தெருவே "அரோகரா" என்றது. எல்லோரும் கும்பிட்டுவிட்டுக் கீழே போய்விட்டார்கள். அவர் மட்டும் நின்றார். பார்த்தார், பார்த்தார், அப்படிப் பார்த்தார்.

பிறந்ததிலிருந்து பார்க்கிற தீபத்தை யாராவது இப்படிப் பார்ப்பார்களா? ஊரை விட்டுப் போகிறவன் பார்க்கிற பார்வை அது.

பொம்பளை சமாசாரம் இல்லையோ? நோயா? சொல்லாமல் எதையோ வைத்துக்கொண்டு...

டிசம்பர் 4

பீரோ, பெட்டி, சட்டைப் பை, எல்லாவற்றையும் தேடினேன். மருந்துச் சீட்டு இல்லை, மாத்திரை இல்லை. நோய் இல்லை என்றால் பிறகு அதுதானே? பைனாகுலர் பை ஒன்றுதான் பாக்கி. அதை யாரும் தொடக்கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறார். லென்ஸ் கெட்டுவிடுமாம். குளிக்கும்போதும் பாத்ரூம் ஆணியில் மாட்டிக்கொண்டு குளிக்கிறார்.

டிசம்பர் 19

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட கிண்டிக்குப் போய் வந்தோம். கோயம்பேட்டில் அவர் ஒரு சின்னக் குழந்தைமேல் மோதிவிட்டார். குழந்தை விழுந்து அழுதது. அதன் அப்பன், "இன்னாய்யா, கண்ணு தெரியல?" என்று கத்தினான். இவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், அவன் சட்டையைப் பிடிக்கப் போனார். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

இந்த மனிதரை எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஆகப்போகிறது, தெரியாது.

ஜனவரி 23, 2026, நைரோபி

மும்பை வழியாக வந்து சேர்ந்தோம். கால் வீங்கிவிட்டது. விமானத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவில் அவர். அவள் "சார், ஆச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனார். வந்து தலையாட்டினார்.

நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனவரி 24, நைவாஷா

எழுதத்தான் வேண்டும். அழகான இடம். கோபத்தோடு வந்தாலும் அழகு அழகுதான்.

மலைச்சரிவில் வேன் இறங்க இறங்க, கீழே பெரிய பள்ளத்தாக்கு. அதன் நடுவில் ஏரி, வெள்ளித் தட்டு மாதிரி. கரையெல்லாம் கோரை. மஞ்சள் பட்டை போர்த்திய வேலமரங்கள், நம் ஊர் வேலமரத்தைப் போல நாலு மடங்கு உயரம். நாங்கள் தங்கும் விடுதியின் புல்வெளி தண்ணீர் வரைக்கும் இறங்குகிறது. அதில் வரிக்குதிரைகள் நம் தெருவில் மாடு நிற்கிற மாதிரி நிற்கின்றன. யாரும் விரட்டுவதில்லை.

வழிகாட்டியின் பெயர் முவாங்கி. உயரமான, நிதானமான ஆள். வந்ததும் எங்களை நிற்க வைத்து ஒன்று சொன்னார், இளஞ்செழியன் தமிழில் திருப்பிச் சொன்னார். பொழுது சாய்ந்தால் நீர்யானைகள் புல் மேயக் கரையேறிவிடும். காவலாளி துணைக்கு வராமல் யாரும் அறையை விட்டு இறங்கக்கூடாது. முக்கியமாக, அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் போய்விடக்கூடாது. போனால் அது பயந்துபோய் மிதித்துவிடும். பார்க்கத்தான் சோம்பேறி, ஓடினால் மனிதனால் தப்ப முடியாது.

எல்லோரும் தலையாட்டினோம்.

ஜனவரி 25

படகில் போனோம். நீர்யானைகள் கண்ணையும் காதையும் மட்டும் வெளியே வைத்துக்கொண்டு எங்களை வேவு பார்த்தன. எனக்கு அவற்றைப் பிடித்திருந்தது. என்னைப் போல.

அவர் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டார். பைனாகுலரை எடுத்து, ஏரிக்கு அந்தப் பக்கம், பட்ட மரத்தின் உச்சியில், எங்கள் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "மீன் கழுகு!" என்றார். முவாங்கியே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். படகுக்காரர் விசிலடித்து ஒரு மீனை வீசினார். அந்தப் புள்ளி இறக்கை விரித்து வந்தது. வெள்ளைத் தலை, செம்பழுப்பு உடம்பு, மஞ்சள் கால். தண்ணீரை ஒரு கீறு கீறி மீனை எடுத்துக்கொண்டு போனது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இதையெல்லாம் முழுசாக ரசிக்க முடியவில்லை. அவருக்கு இடப்பக்கம் மணிமொழி உட்கார்ந்திருந்தாள். நிமிஷத்துக்கு ஒரு முறை குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். சொன்னதும் அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். இளஞ்செழியனின் மனைவி என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு பார்வை போதும்.

ஜனவரி 26

ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற நிலத்தில் நடந்து போனோம். அங்கே சிங்கம் சிறுத்தை கிடையாது, அதனால் நடக்கலாமாம். ஒட்டகச்சிவிங்கிகள் எங்களைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி இலை தின்றன. அவர், அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இந்த முறை அவர்தான் பிடித்தார்.

தாங்க முடியவில்லை. தண்ணீர் குடிக்க நின்றபோது அவளைத் தனியே இழுத்துப் போனேன்.

"இங்க பாரு மணிமொழி, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. உனக்கும் அவருக்கும் இன்னா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. கோபம் இல்லை. பயம் மாதிரி, பாவம் மாதிரி.

"அய்யோ அக்கா, நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல."

"அப்போ எந்த மாதிரி?"

"நான் சொல்லக் கூடாதுக்கா. சத்தியம் வாங்கியிருக்காரு. அவரையே கேளுங்க. தயவுசெஞ்சு கேளுங்க."

சத்தியம்! என் புருஷன் வேறொருத்தியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

ஜனவரி 27, காலை

கேட்டேன். நேற்று அறைக்கு வந்ததும் கேட்டேன். "ஊருக்குப் போய்ச் சொல்றேன்" என்றார். "ஏரியப் பாக்க வந்திருக்கோம், பாத்துட்டுப் போலாம்." அவ்வளவுதான். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

இன்றைக்குச் சொல்ல வைக்காமல் விடமாட்டேன்.

ஜனவரி 28

நேற்று சாயங்காலம் நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

வெயில் இறங்கிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப் போகக் காவலாளி வருவார் என்று அறை வாசலில் காத்திருந்தோம். நான் ஆரம்பித்தேன். ஊரில் பேசமுடியாததையெல்லாம் பேசினேன். ஸ்கூட்டர், ஆச்சா ஆச்சு, முழங்கை, எல்லாம். பச்சையம்மாள் சொன்னதைக்கூடச் சொன்னேன்.

"இன்னாடி பேசற நீ?" என்றார். "அது எங்கூடப் பொறக்காத தங்கச்சி மாதிரி."

"எல்லா ஆம்பளைங்களும் சொல்றதுதான். தங்கச்சிகிட்ட இன்னா சத்தியம் வாங்கினீங்க?"

அவர் உதடு துடித்தது. சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. விருட்டென்று படியிறங்கிப் புல்வெளியில் நடக்க ஆரம்பித்துவிட்டார். காவலாளி இல்லாமல். விளக்குப் போட்ட பாதையை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரமாக.

போகட்டும் என்று நின்றேன். கோபம். அப்போதுதான் புல்வெளியின் இடப்பக்கம், புதர் ஓரத்தில் ஒரு பாறையைப் பார்த்தேன். காலையில் அங்கே பாறை இல்லை.

பாறை காதை ஆட்டியது. அதன் பின்னால் ஒரு சின்னப் பாறை. குட்டி.

அவர் நேராகப் போய்க்கொண்டிருக்கிறார். அதற்கும் ஏரிக்கும் நடுவில். அவ்வளவு பெரியது அது, ஒரு வேன் நிற்கிற மாதிரி நிற்கிறது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே போகிறாரா? நான் பேசின பேச்சுக்கு...?

"ஏங்க! நில்லுங்க! அங்க போவாதீங்க, அய்யோ!"

நின்றார். திரும்பினார். வலது பக்கம் திரும்பினார்! நீர்யானை இடது பக்கம் நிற்கிறது. இவர் வலது பக்கம் திரும்பி, "எங்க? இன்னா அருணா? எங்க?" என்று கையை முன்னால் நீட்டித் தடவுகிறார். இருட்டு அறையில் சுவரைத் தேடுகிறவன் மாதிரி.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தேரடித் தெரு, கோயம்பேடு, ஸ்கூட்டர், எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற என்னையும் தெரியவில்லை, இதையும் தெரியவில்லை.

எப்படி ஓடினேன், தெரியாது. செருப்பு எங்கோ போய்விட்டது. அந்த மிருகம் தலையைத் தூக்கி வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டது, தரை அதிர்ந்தது. அவர் சட்டையைப் பிடித்து வந்த வழியே இழுத்தேன். தடுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். எழுந்து மறுபடி இழுத்தேன். பின்னால் பொதபொதவென்று காலடி. முவாங்கியும் காவலாளியும் டார்ச்சோடு கத்திக்கொண்டே ஓடிவந்து எங்களை அறைப் படிக்கு ஏற்றிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அது குட்டியைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வழி கிடைத்ததும் போய்விட்டது. அதற்கு எங்கள்மேல் ஒரு பகையும் இல்லை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். முழங்காலில் அவருக்கு ரத்தம்.

"எவ்ளோ பக்கத்துல வந்துச்சு?" என்று கேட்டார்.

"நீங்க பாக்கலயா?"

"சத்தம்தான் கேட்டுச்சு."

பிறகு சொன்னார். கண்ணில் அழுத்த நோயாம். வலி இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருமாம். நேர் எதிரே இருப்பது மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி தெரிகிறது. அதனால்தான் பைனாகுலரில் அந்தக் கழுகு தெரிந்தது. இடது பக்கம் சுத்தமாக இல்லை, வலது பக்கம் கொஞ்சம். மங்கின வெளிச்சத்தில் அதுவும் இல்லை. போனது திரும்பாது.

ஏப்ரல் மாதம் அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு சைக்கிள்காரர் இடது பக்கம் வந்திருக்கிறார். இவருக்குத் தெரியவில்லை. நடத்துநர் கத்தியதும் பிரேக் போட்டிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. "ஆயிருந்தா?" என்றார். "வண்டில அம்பது பேரு. அன்னிக்கே ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன், லீவு போட்டேன், அப்புறம் எழுதிக் குடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

முழங்கால் ரத்தத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டார்.

"சொன்னா நீ கையப் புடிச்சு நடத்துவ. டிரைவர் பரசுராமன்னு இருந்தவன், அருணா கையப் புடிச்சுக்கினு போறவனா ஆயிடுவேன். கொஞ்ச நாளு தள்ளிப் போடலாம்னு பாத்தேன்."

மணிமொழிக்கு எப்படித் தெரியும்? ஜூலையில் ஏரிக்கரையில் மதகுக் கால்வாயைப் பார்க்காமல் உள்ளே விழுந்திருக்கிறார். அவள்தான் தூக்கிவிட்டாள். மறைக்க முடியவில்லை. தினமும் வேளை தவறாமல் சொட்டு மருந்து போட வேண்டும், இவர் மறந்துவிடுவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "ஆச்சா?" "ஆச்சு." மருந்து பைனாகுலர் பையில்.

இதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பொம்பளை இல்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். புருஷனுக்குக் கண் போகிறது என்று கேட்டு ஒருத்தி சந்தோஷப்பட்டாள். அப்புறம்தான் அழுகை. அதற்கப்புறம் கோபம். அடித்துவிட்டேன். முதுகில், பலமாகத்தான். "நாசமாப் போறவனே, செத்திருப்பியேடா" என்று. இத்தனை வருஷத்தில் அவரை 'டா' போட்டதில்லை. அவர் சிரித்தார், அழுதார், இரண்டும்.

ஜனவரி 29

பூநாரைகளைப் பார்க்க பக்கத்திலிருந்த சின்ன ஏரிக்குப் போனோம். படகில் ஏறும்போது மணிமொழி தன் வழக்கமான இடத்தில் உட்காராமல் பின்னால் போய்விட்டாள். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "அங்க ஏதோ செகப்பா" என்றேன். "அங்கன்னா எங்க?" என்றார். பின்னாலிருந்து அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்: "கடிகாரம் மாதிரி சொல்லுங்கக்கா. அவரு மூக்கு நேரா பன்னண்டு மணி."

"பத்து மணி" என்றேன்.

மெதுவாகத் தலையைத் திருப்பினார். கரையோரம் முழுக்க இளஞ்சிவப்பு. நம் கோயில் உற்சவத்தில் பட்டுப் புடவைகள் வரிசையாக நிற்கிற மாதிரி. எதற்கோ பயந்து ஒன்றாக எழுந்தன, இறக்கையின் உள்பக்கம் ரத்தச் சிவப்பு. அவர் குழாய்க்குள் எவ்வளவு தெரிந்ததோ. "போதும்" என்றார். நான் போதாது என்று நினைத்தேன்.

மணிமொழியிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கொண்டுபோயிருந்த பருப்புப் பொடியும் நெய்யும் முழுசாக அவள் தட்டில் போட்டேன். புரிந்துகொண்டாள் போல. "எனக்குப் பயமா இருந்துச்சுக்கா. தனியா வெச்சுக்கினு இருந்தேன்" என்றாள். அதைக் கேட்டதும்தான் அவளுக்கும் பாரம் இருந்திருக்கிறது என்று உறைத்தது.

பிப்ரவரி 9, திங்கள்

அவர் சொன்னதை மட்டும் நம்ப முடியுமா? நானே கூடப் போய் டாக்டரிடம் கேட்டேன். அவர் வெளியே உட்கார்ந்திருக்க, தனியாகக் கேட்டேன். சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்று கூடுதல்: இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது. இன்னொன்று: குடும்பத்தில் வரும் நோய், பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் இனியாவையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 13

இனியாவுக்கு ஒன்றுமில்லை. இப்போதைக்கு. வருஷா வருஷம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். போனில் அழுதாள், அப்பாவிடம் சண்டை போட்டாள், அப்புறம் நீர்யானையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பிப்ரவரி 21

மருந்து இப்போது நான்தான் போடுகிறேன். "தெரியுதா?" என்றால் "தெரியுது" என்கிறார். நம்புவதில்லை. தண்ணீர் டம்ளரை இடது பக்கம் வைத்துப் பார்க்கிறேன். தட்டிவிட்டு, "இன்னா டெஸ்ட் வெக்கிறியா?" என்கிறார். ஆமாம், வைக்கிறேன். ஒரு தடவை ஏமாந்தவள்.

ஆனால் வெளியில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. பச்சையம்மாளிடம்கூட இடுப்பு வலி என்றுதான் சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன். இப்போது இந்தப் பொய்யில் எனக்கும் பங்கு.

மார்ச் 8, ஞாயிறு

செங்கம் ரோட்டு மண்டபத்தில் கல்யாணம். அவருடன் டிப்போவில் வேலை பார்த்தவர் வீட்டுப் பெண். பழைய ஓட்டுநர்கள், நடத்துநர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர் நேற்றே போக வேண்டாம் என்றார். காலையில் தானே சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டார்.

நான் மொய் எழுதுகிற இடத்தில் நின்றிருந்தேன். அவர் கொஞ்சம் தள்ளி, தூணோரம். இடது பக்கத்திலிருந்து நடத்துநர் இளவரசன் வந்து நின்றார். கையை நீட்டினார். இவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றார். நீட்டின கை அப்படியே இருந்தது.

"இன்னா டிரைவரே, ரிட்டயர்டு ஆனதும் ஆளக் கண்டுக்கறதே இல்ல?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

போகலாம் என்று காலெடுத்தேன். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று. அதற்குள் அவரே குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

"அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது இளவரசா. கண்ணுல நோய். முன்னால வந்து நில்லு."

சத்தமாகத்தான் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. இளவரசன் நகர்ந்து அவருக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"இப்பத் தெரியுதா அண்ணே?"

"தெரியுது. தொப்ப ஜாஸ்தி ஆயிடுச்சு உனக்கு."

கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எடுத்த காலை அங்கேயே வைத்துவிட்டு, மொய் எழுதுகிறவரிடம் பெயர் சொன்னேன்: வேங்கிக்கால் பரசுராமன், அருணாதேவி. பந்திக்கு அவர் இளவரசனோடு பேசிக்கொண்டே போனார். நான் பின்னால் போனேன், அவசரமில்லாமல்.